கரி இல்லாக் காஞ்சி

அப்பா,

இன்று காலை நான் தாமதமாகத்தான் எழுந்தேன். அம்மாவும் அயர்ந்து தூங்கிவிட்டாள். நம் வீட்டில் யாரும் அலாரம் வைத்ததே இல்லை. பின்தெருவில் நீ வேலை பார்த்த சாயப்பட்டறையில் அடுப்பு மூட்டியதும், வேலிகாத்தான் விறகின் புகை ஜன்னல் வழியாக வந்து மூக்கைச் சுரண்டும். அதுதான் நமக்கு மணி. இன்று அது வரவில்லை. நேற்று பட்டறையில் விறகு அடுப்பை இடித்துவிட்டார்கள். கூரைமேல் வெயிலில் தண்ணீர் காய்ச்சும் குழாய்களும், கீழே எரிவாயு அடுப்பும் வந்துவிட்டன. அவற்றையும் நேற்றே முதல்முறையாக ஓட்டிப் பார்த்தார்கள்.

ஜன்னலைத் திறந்து மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. அம்மா பின்னால் வந்து நின்று, "இன்னாடி இது, தெருவே செத்த மாதிரி இருக்குது" என்றாள். சொன்ன பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

அந்தப் பட்டறையில் பட்டுநூலுக்குச் சாயம் ஏற்றுவது உன் வேலை. கொப்பரையில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். நூல்கற்றைகளைக் கழியில் மாட்டி நீ திருப்பித் திருப்பி முக்குவாய். அடுப்பு உன் முழங்காலுக்குக் கீழே எரியும். புகைபோக்கி என்று ஒன்று இருந்தது, ஆனால் பாதிப் புகை அதன் வழியை மறந்துவிட்டு உள்ளேயே சுற்றும். சாப்பாடு கொண்டுவரும் நாட்களில் வாசலில் நின்று "அப்பா" என்று கூப்பிடுவேன். முதலில் உன் இருமல் வரும், அப்புறம்தான் நீ வருவாய்.

எட்டாம் வகுப்பில் சுற்றுச்சூழல் மன்றத்தில் சேர்ந்ததிலிருந்து, படித்ததையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. பூமியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைக்க மாநில அரசு திட்டம் போட்டிருக்கிறது, ஒவ்வொரு மாவட்டமும் தன் பங்குக்குக் குறைக்க வேண்டும் என்று ஒருநாள் சொன்னேன். நிகர பூஜ்ஜியம் என்பதையும் விளக்கினேன். நாம் வெளியே விடுகிற வாயுவும், மரமும் மண்ணும் உள்ளே இழுத்துக்கொள்கிற வாயுவும் சரிக்குச் சரியாக ஆகிவிட வேண்டும்.

"பூஜ்ஜியம் வாங்கறதுக்கா கவர்மெண்ட்டு இம்மாம் பாடு படுது? நான் பத்தாவதுல சும்மாவே வாங்கினேனேம்மா" என்றாய். அம்மா சிரித்ததில் தோசை கருகிவிட்டது.

ஆனால் சாயப்பட்டறைகளின் விறகு அடுப்பை மாற்றுவதும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது என்றதும் நீ சிரிக்கவில்லை. "நெசமாவா?" என்று மட்டும் கேட்டாய். உன் முதலாளியும், திட்டத்தில் பட்டறையைச் சேர்த்தால் மறுநாளே அடுப்பை இடிக்கத் தயார் என்றார். எந்தெந்தப் பட்டறைகளுக்கு முதலில் மாற்றுவது என்பதைப் பொதுமக்கள் கூட்டத்தில் கேட்டு முடிவு செய்வார்களாம். அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசுவது என்று நீ முடிவு செய்தாய். மேடைப் பக்கமே போகாத நீ ஒரு வாரமாகக் குளிக்கும்போதும் ஒத்திகை பார்த்தாய். மொத்தம் இரண்டே வாக்கியம். "எங்க பட்டறை அடுப்ப மாத்திக் குடுங்க. மூச்சு முட்டுது."

கூட்டத்தை அறிவிக்க ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தார்கள். "கரி இல்லாக் காஞ்சி! வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் மாபெரும் கூட்டம்! அனைவரும் வாரீர்!" தெருத் தெருவாக அதையே சொன்னார்கள். கேட்ட எனக்குப் பெருமையாக இருந்தது. கரி என்றால் கரியமில வாயு என்று எனக்குத் தெரியும். ஆனால் நம் ஊர் நாக்கில் சின்ன ரகரத்துக்கும் பெரிய றகரத்துக்கும் ஒரே ஒலிதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஊர் முழுக்கக் கேட்டது 'கறி இல்லாக் காஞ்சி'. அதுவும் ஞாயிற்றுக்கிழமை.

மண்டபம் நிரம்பியிருந்ததைப் பார்த்து, "பரவால்லியே, ஜனங்களுக்கு அக்கறை வந்துடுச்சு" என்றாய் என்னிடம். வெள்ளைச் சட்டை போட்டிருந்தாய். மேடையில் இருந்த பெண் அதிகாரி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம மாவட்டத்துல கரி உமிழ்வை எங்கெல்லாம் குறைக்கலாம்னு இன்னிக்குப் பேசுவோம்" என்று ஆரம்பித்தார்.

நடுவரிசையில் கறிக்கடை மாமா எழுந்தார். சின்ன வயதிலிருந்து உன் கூட்டாளி அவர். "எதுக்கும்மா கொறைக்கணும்? ஞாயித்துக்கெழம யாவாரத்த வுட்டுட்டு வந்துக்கினு இருக்கேன். எவன் துன்னக் கூடாதுன்னு சொன்னான்?"

முன்வரிசையில் விபூதி பூசிய நெசவுக்காரப் பெரியவர் ஒருவர் திரும்பினார். "கோயில் ஊருப்பா இது. நல்ல காரியம் பண்றாங்க. கைதட்டுவியா, அத்த வுட்டுட்டு..."

"நீ சைவம்னா நீ சாப்பிடாத பெரியவரே! என் கடைய ஏன் மூடணும்?"

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. "கடையை யாரும் மூடச் சொல்லலைங்க. உமிழ்வைத்தான்..."

"பாத்தியா! வாயில போட்டதையும் துப்பணுமாம்!" என்றார் மாமா. மண்டபமே எழுந்துகொண்டது.

எனக்குப் புரிந்துவிட்டது. நாற்காலிமேல் ஏறி "சின்ன ர! சின்ன ர!" என்று கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவில் நீ வகுப்புப் பையன் போலக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாய். "எங்க பட்டறை..." என்று ஆரம்பித்தாய். இருமல் வந்துவிட்டது. அது நிற்பதற்குள் அதிகாரி மடிக்கணினியை மூடிவிட்டார். கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்று யாரோ மைக்கில் சொன்னார்கள்.

வண்டியில் வீடு திரும்பும்போது வழியெல்லாம் சிரித்தாய். "துப்பணுமாம்மா... துப்பணுமாம்..." சிரிப்பு இருமலாகி, வண்டியைத் தேரடி ஓரம் நிறுத்தி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாய். எனக்குக் கோபம் வந்தது. "சிரிக்காதப்பா. போனது உன் புது அடுப்பு" என்றேன்.

"அடுத்த கூட்டத்துல சொல்லிக்கலாம் வுடும்மா. அடுப்பு எங்க ஓடிடப் போவுது?"

அது ஓடவில்லை. மறுபடி கூட்டம் போட்டால் மறுபடி ரகளை வரும் என்று தள்ளித் தள்ளி வைத்தார்கள். ஐப்பசி மழை வந்தது. தென்னேரிப் பக்கமிருந்து வருகிற விறகு நனைந்தே வந்தது. நனைந்த விறகு எரியாது, புகையும். கல்யாண ஆர்டர்கள் குவிந்த மாதங்கள் அவை. நீ ஒருநாளும் வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரி. பார்க்க வந்த ஒவ்வொரு மருத்துவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "பீடி பிடிப்பாரா?" அம்மாவும் ஒவ்வொருவரிடமும், "பீடிய கையால தொட்டதில்லீங்க" என்றாள். கடைசியில் வந்தவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

பொங்கலுக்கு முன்பே நீ போய்விட்டாய்.

கறிக்கடை மாமா உன் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தார். அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். "எவனோ மூடச் சொல்றான்னு சண்டைக்கு வந்தேன். இன்னிக்கி நானே மூடிட்டு வந்துட்டேன்டா" என்றார். "பொகைன்னு எனக்குத் தெரியலியே பாப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டு அழுதார். அவர்மேல் கோபப்படலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. ஒலிபெருக்கிக்காரர்மேலும், அந்த அதிகாரிமேலும் முடியவில்லை. சொன்னவர்களும் சரியாகத்தான் சொன்னார்கள், கேட்டவர்களும் சரியாகத்தான் கேட்டார்கள். இதற்குத் தப்பு என்று எந்த வார்த்தைக்குக் கீழே கோடு போடுவது?

ஒன்றை நான் உனக்குச் சரியாக விளக்கவில்லை, அப்பா. கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாது, மேலே போய்ப் பூமி முழுவதற்கும் பொதுவாகிவிடும். உன் நெஞ்சுக்குள் போனது வேறு, கண்ணுக்குத் தெரிகிற புகை. இரண்டும் ஒரே அடுப்பிலிருந்து வந்தவை. திட்டத்தில் முதலாவதற்குத்தான் கணக்கு இருக்கிறது.

இரண்டாவது கூட்டத்துக்கு 'கார்பன்' என்று மாற்றி அறிவித்தார்கள். கறிக்கடை மாமா என்னை அழைத்துப் போனார். பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன. அதே அதிகாரி, "யாராவது பேசணுமா?" என்று கேட்டார். நான் எழுந்து உன் இரண்டு வாக்கியத்தையும் சொன்னேன்.

"மூச்சு முட்டுதா? யாருக்கும்மா?"

"எங்க அப்பாவுக்கு."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி எழுதிக்கொண்டார். அப்படித்தான் உன் பட்டறைக்கு வெயில் அடுப்பு வந்தது. நேற்று போய்ப் பார்த்தேன். கொப்பரை முன்னால் வேறொருவர் நின்றார். அவர் இருமவில்லை. புதிதாகப் பூசிய சிமெண்டு மட்டும் சதுரமாகத் தெரிந்தது, உன் முழங்கால் இருந்த இடத்துக்கு நேராக.

மற்ற பட்டறைகளின் முறை இன்னும் வரவில்லை. மாடியில் ஏறினால் இரண்டு தெரு தள்ளி அதே புகை எழுவது தெரிகிறது. அடுத்த கூட்டம் எப்போது என்று மாமா விசாரித்துக்கொண்டிருக்கிறார். நான் போவேன். அதே இரண்டு வாக்கியத்தைச் சொல்வேன், முதல் வாக்கியத்தில் 'எங்க' என்பதற்குப் பதிலாக அந்தப் பட்டறையின் பெயரை மட்டும் போட்டு.

இரண்டாவதை மாற்ற மாட்டேன். 'முட்டியது' என்று எழுத வேண்டும் என்பார் என் தமிழ் டீச்சர். அதற்கு இலக்கணத்தில் இறந்த காலம் என்று பெயர். அந்தப் புகைக்கு முன்னால் யாரோ நின்றுகொண்டிருக்கும் வரை, அப்பா, நான் சொல்வது நிகழ்காலம்தான்.

மூச்சு முட்டுது.