நெல்லித்தோப்பில் தேங்கிய தண்ணீர்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. குடையை மறந்து, நனைந்த புடவையோடு வகுப்பு. மூன்றாம் ஆண்டு சிவில். செயல்திட்டப் பாடம், முதல் முறையாக என் பொறுப்பில். தலைப்பு தரவில்லை, ஒரு கேள்விதான்: மழை விட்ட பிறகும் நெல்லித்தோப்புத் தெருக்களில் தண்ணீர் ஏன் வடிவதில்லை? போய்ப் பார்த்துக் காரணம் கண்டுபிடியுங்கள்.

பின் வரிசையிலிருந்து பிரவீன்: “மேடம், என்ன பண்ணணும்னு சொல்லிடுங்க, பண்ணிட்றோம். யோசிக்கல்லாம் சொல்லாதீங்க.”

வகுப்பே சிரித்தது. எரிச்சல்.

நவம்பர் 11

தூறல். இருமல் மருந்து தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

பிரவீன் குழுவில் இருக்கும் சுகன்யா வந்தாள். வீடு நெல்லித்தோப்பில். மட்டம் பார்க்கும் கருவியை எடுத்துப்போய்த் தன் தெரு வாய்க்காலை அளந்திருக்கிறாள், தனியாக. தண்ணீர் வெளியேற வேண்டிய முனை, நடுப்பகுதியைவிட உயரமாம்.

“குப்ப அடச்சிக்கிச்சின்னு எல்லாரும் சொல்றாங்க மேடம். குப்பையே இல்லன்னாலும் தண்ணி போவாது. கட்னதே தப்பு.”

பேசிக்கொண்டே என் மேசைமேல் சாக்பீஸால் வரைந்து காட்டினாள். அழிக்க மனமில்லை.

நவம்பர் 18

வெயில். பிரவீனும் அதே குழுவின் ஹரீஷும் கடையில் ஒரு மாடல் வாங்கி வந்துவிட்டார்கள். தண்ணீர் ஏறினால் விளக்கு எரியும், மணி அடிக்கும். ஏற்க மாட்டேன் என்றேன். மதியமே துறைத் தலைவர் கூப்பிட்டார்.

“ஏம்மா, பசங்கள மழைல தெருவுல நிக்க வுட்றீங்களாமே? பேரன்ட்ஸ் போன் பண்றாங்க. மாடல் இருக்குல்ல, ஏத்துக்குங்க.”

வாதாடிப் பார்த்தேன். வீண். சுகன்யாவின் அளவுகளைப் பையன்கள் அறிக்கையில் சேர்க்கவில்லை. சேர்த்தால் குழப்பமாம்.

நவம்பர் 25

வாய்மொழித் தேர்வு. தலைவலி. விளக்கு எரிந்தது, மணி அடித்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளருக்கு ஏக மகிழ்ச்சி. பிறகு சுகன்யாவிடம்: “அந்தத் தெருவுல தண்ணி ஏம்மா நிக்குது?”

வாய்க்கால் கட்டியதே தப்பு என்று சொல்லிவிடுவாள்.

அவள் பிரவீனைப் பார்த்தாள். “குப்ப அடச்சிக்கிறதால சார்.”

“வெரி குட்.”

வராந்தாவில் நிறுத்தி, ஏன் என்று கேட்டேன்.

“நெசத்த சொன்னா, அப்ப இந்த மாடல் எதுக்குன்னு கேப்பாரு மேடம். மூணு பேரும் மாட்டிக்குவோம். அப்பறம் ஃபைனல் இயர்ல என்ன எந்த டீம்லயும் சேத்துக்க மாட்டாங்க.”

பஸ்ஸுக்கு ஓடினாள்.

நவம்பர் 26

மீண்டும் மழை. மூவருக்கும் நல்ல மதிப்பெண். அடுத்த செமஸ்டரில் கேள்வி வேண்டாம், தலைப்பு மட்டும் போதும் என்று துறைத் தலைவரின் உத்தரவு. மதியம் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். கதவருகே சுகன்யா.

“மேடம், தலைப்பெல்லாம் போட்டுட்டீங்களா? ஈஸியா ஒண்ணு இருந்தா எனக்கு எடுத்து வைங்க.”