மதிலுக்கு வெளியே

2004 மார்ச் 2, செவ்வாய்

காலையிலேயே வெயில். அகழாய்வு ஆட்களுக்குச் சமையல். அரிசி நாலு படி, கத்தரிக்காய் இரண்டு கிலோ, புளி கடைசி உருண்டை. தவக்காலம், மீன் கிடையாது என்றேன், முகம் சுளித்தார்கள்.

பழைய மாதா கோயிலின் அஸ்திவாரத்தைத் தேடி இப்போதுள்ள கோயில் மதிலுக்கு வெளியே வேப்பமரத்துப் பக்கம் கயிறு கட்டிவிட்டார்கள். அங்கேதான் என் பிள்ளை. பிறந்து அழுவதற்குள் போய்விட்டாள். ஞானஸ்நானம் இல்லை, கல்லறையில் இடமில்லை என்றார் அப்போதிருந்த சாமியார். இவர்தான், என் வீட்டுக்காரர், கொண்டுபோய்ப் புதைத்தார். நாய் தோண்டாமலிருக்க, அங்கே கிடந்த பழைய செங்கல்லைச் சுற்றி அடுக்கி.

"சார்ட்ட சொல்லிடுவமா?" என்கிறார். புளியைக் கரைக்கப் போய்விட்டேன்.

மார்ச் 4, வியாழன்

அஸ்திவாரம் கிடைத்துவிட்டது. பழைய கோயில் இப்போதுள்ளதைவிடப் பெரியதாம். சோறு போடும்போது அகழாய்வு சார், "அந்த வேப்பமரம் இருக்கே, அதுதாம்மா பூசைப் பீடம் இருந்த எடம்" என்றார். குழம்பை அவர் கையிலேயே ஊற்றிவிட்டேன்.

வெளியே கிடக்கிறாள் என்று இத்தனை வருடம் அழுதது.

மார்ச் 5, வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி.

மத்தியானம் மண் அள்ளும் செல்லம்மா கத்தினாள்: "யக்கா, செங்கல்லுக்குள்ள கொழந்த எலும்பு!"

சார் பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளிப் பார்த்தார். "கல்லு கோயில் கல்லுதான். அந்தக் காலத்துப் புள்ள." படம் எடுத்து, அஸ்திவாரத்துக்குள் ஏற்கெனவே கிடைத்த பழைய எலும்புகளோடு ஒரே பெட்டியில்.

இப்போதுள்ள சாமியார், சின்ன வயது: "கோயிலுக்குள்ள அடக்கம் பண்ணவங்க, நம்ம ஆளுங்கதானே. திங்கக்கெழம பூச வச்சு கல்லறைல அடக்கிடுவோம்."

இவர் வாய் திறக்கப் போனார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். வீட்டில் சண்டை.

"நம்ம புள்ளடி. யாரோ எவரோன்னு போவணுமா?"

"நம்ம புள்ளன்னா ஞானஸ்நானம் ஆச்சான்னு கேப்பாங்க."

"இந்தச் சாமியார் அப்படி இல்ல."

"கேட்டுட்டு, எடமில்லன்னுட்டா?"

சாப்பிடாமல் படுத்துவிட்டார். மாதாவே, பொய் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கிறேன்.

மார்ச் 8, திங்கள்

மேகமூட்டம். பூசைக்கு ஆள் குறைவு. ஒரு பெட்டி, ஒரு குழி. ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவது வழக்கம். இவர் நிறுத்தவே இல்லை. சட்டையெல்லாம் மண், வாய்விட்டு அழுகை.

செல்லம்மா என் காதில்: "என்னக்கா, எந்தக் காலத்துலயோ செத்தவங்களுக்கு ஒங்க வூட்டுக்காரரு இந்த அழுவ அழுவுறாரு! சொந்தமா?"

வாயைப் பொத்திச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.