பின்னுக்கு ஓர் அரைச் சுற்று

அக்கா,

இன்று காலை ஒரு ஹீற்றர் வால்வைக் கழற்றினேன். கழற்றக் கூடாதுதான். வீட்டுப் பராமரிப்புக்குப் போகிற நாங்கள் மருந்து கொடுக்கலாம், குளிப்பாட்டலாம், பாணுக்கு வெண்ணெய் பூசலாம். ஹீற்றரில் கை வைத்தால் கொம்யூன் என்கிற நகரசபையிலிருந்து விளக்கம் கேட்பார்கள். ஆனால் அந்தத் தொண்ணூறு வயது மனிதர் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். கோடை முழுவதும் மூடிக் கிடந்ததில் வால்வின் ஊசி இறுகிப்போயிருந்தது. தலைப்பகுதியைக் கழற்றி ஊசியை இரண்டு தடவை அமத்தி விட்டேன். குழாய்க்குள் தண்ணீர் ஓடத் தொடங்கியது.

கையிலிருந்த தலைப்பகுதியைத் திருப்பினால் அடியில் சீனாவில் செய்தது என்று இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். பித்தளையும் றப்பரும் எண்ணெயும் கலந்த அதே மணம். டென்மார்க்கின் ஓகூஸ் நகருக்கு வெளியே இருந்த அந்தத் தொழிற்சாலையில் எட்டு வருடம் உங்கள் பக்கத்தில் இருந்து நான் சுவாசித்த மணம். கையில் வால்வோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து வானொலியிலும் சீனாக் கதைதான். இனியும் அவர்களை நம்பி இருக்கலாமா, எல்லாச் சாமானும் அங்கிருந்துதான் வரவேண்டுமா என்று ஓர் அரசியல்வாதியும் ஒரு பேராசிரியரும் விடாமல் வாதாடினார்கள். "நீ அங்கே போய் வந்தவளாச்சே, சீனா எப்படி?" என்று முதியவர் டேனிஷில் கேட்டார். "சீனாவை எனக்குத் தெரியாது, லின்னைத் தெரியும்" என்றேன். அது உங்களுடைய பதில், அக்கா. யார் கேட்டாலும் நீங்கள் சொல்கிற பதிலைக் கொஞ்சமும் வெட்கமில்லாமல் என்னுடையதைப் போலச் சொல்லிவிட்டேன்.

எங்கள் லைனில் பதினான்கு பேர். வால்வின் பித்தளை உடம்புக்குள் கறுப்பு றப்பர் வளையத்தை இருத்துவதுதான் எல்லோருக்கும் வேலை. கையேட்டில் ஒரே வரி: வளையத்தை வைத்து அமத்தவும். எல்லோரும் அமத்தினார்கள், எல்லோருடைய வால்விலும் ஒன்றிரண்டு கசிந்தன. உங்களுடையது மட்டும் கசியவே இல்லை. அமத்தின கையோடு பின்னுக்கு ஓர் அரைச் சுற்று எடுத்து, ஒரு மூச்சு விடுகிற நேரம் பொறுத்து, பிறகு கையை எடுப்பீர்கள். "அதுக்கு இருக்க ஒரு இடம் வேணும். அவசரப்படுத்தினா இருக்காது, பிள்ளை" என்று சொல்லி எனக்கு மட்டும் காட்டித் தந்தீர்கள். மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கப் பெண் நீங்கள். வேலை தொடங்க முன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வீர்கள். கசியாததற்கு அதுதான் காரணம் என்று போர்மன் கடைசி வரை நம்பினான்.

சீனாவில் இன்னொரு லைன் திறக்கிறோம், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் என்று மேலாளர் கூட்டம் வைத்துச் சொன்னார். பக்கத்தில் பக்கத்தில் என்றால் என்னவென்று எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. அங்கே போய் வேலை பழக்க, கழிவு குறைவான இரண்டு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். நீங்களும் நானும். மூன்று கிழமை, இருபத்தொரு நாள்.

அந்த வரவேற்பை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஷாங்காயிலிருந்து இரண்டு மணி நேர ரயில், பிறகு தொழிற்சாலை வாகனம். தொழிற்சாலை வாசலில் சிவப்புத் துணியில் "டென்மார்க் நிபுணர்களை வரவேற்கிறோம்" என்று எழுதித் தொங்கவிட்டு, பூச்செண்டோடு நின்றார்கள். நாங்கள் இரண்டு கறுத்த, கட்டையான பெண்கள் மிளகாய்த்தூள் மணக்கிற பெட்டிகளோடு இறங்கினோம். பூச்செண்டு எங்களைத் தாண்டி வாகனத்துக்குள் தேடியது. மொழிபெயர்ப்பாளப் பிள்ளை தயங்கித் தயங்கி, "டென்மார்க்காரர் பின்னால் வருகிறார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நீங்கள் பூச்செண்டை வாங்கிக்கொண்டு தமிழிலேயே சொன்னீர்கள்: "ஓம், நாங்கள்தான். வேற ஒருத்தரும் வரேல்லை."

தொழிற்சாலைக்கு நிலம் கொடுத்தது நகர நிர்வாகம். தெரு போட்டதும் மின்சாரம் இழுத்ததும் அவர்கள்தான். ஐந்தாண்டுத் திட்டத்தில் அந்த ஊருக்கென்று ஒரு பங்கு எழுதியிருந்ததாம்; அந்தப் பங்கு நிறைவேறுவதில்தான் அங்கிருந்த அதிகாரிகளின் பதவி உயர்வும் இருந்ததாம். அவர்களில் ஒருவர் கடைசி நாளில் பரிசோதனைக்கு வருவார் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். எங்கள் ஓகூஸில் ஒரு பேருந்துத் தரிப்பை மாற்றவே மூன்று கூட்டம் வைக்கிறார்கள் என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

நம்மிடம் வேலை பழக வந்தவர்களில் முதல் ஆள் லின். உங்களுக்கு ஒன்றிரண்டு வயது இளையவள். மதியச் சாப்பாட்டு மேசையில் கைபேசியைத் திறந்து, பல் விழுந்த ஒரு சிறுமியின் படத்தைக் காட்டினாள். மகள் கிராமத்தில் என் அம்மாவோடு இருக்கிறாள், வருடத்துக்கு ஒரு தடவை, புது வருடத்துக்குத்தான் பார்க்கிறேன் என்றாள். ஏன் கூட்டி வரவில்லை என்று நான் கேட்டேன். குடும்பப் பதிவு பிறந்த ஊரோடு ஒட்டியிருக்கிறது, நகரப் பதிவு இல்லாத பிள்ளைக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காது என்று மொழிபெயர்ப்பாளப் பிள்ளை விளக்கினாள். பதிவை மாற்றப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். லைன் பரிசோதனையில் தேறினால் லின்னுக்குத் தொழில் சான்றிதழ் கிடைக்கும், அதற்கும் புள்ளி உண்டு.

"இஞ்சயும் புள்ளிதானா?" என்று நீங்கள் கேட்டீர்கள். நிரந்தர வதிவிடத்துக்காக டென்மார்க்கில் நம் ஆட்கள் விரல் மடித்துப் புள்ளி எண்ணிய காலம் உங்களுக்கும் எனக்கும் மறக்கவில்லை. அன்று நீங்கள் சோற்றை அளைந்துகொண்டே இருந்தீர்கள். உங்கள் மகளை மூன்று வயதில் மன்னாரில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவர் நீங்கள். அவள் வந்து சேர்ந்தபோது வயது ஒன்பது. விமான நிலையத்தில் உங்களைப் பார்த்து, "வணக்கம் அன்ரி" என்று சொன்னாளாம். அதை நீங்கள் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறீர்கள்.

அன்று பின்னேரம் ஹோட்டல் அறையில் நான் உங்கள் கையைப் பிடித்தேன்.

"அக்கா, எல்லாத்தையும் சொல்லிக் குடுங்கோ. அந்த அரைச் சுத்தை மட்டும் காட்டிப்போடாதேங்கோ."

"காட்டாட்டிலும் எங்கட லைனை மூடத்தான் போறாங்கள்."

"கொஞ்சம் பிந்தியெண்டாலும் மூடுவாங்கள்தானே. என்ர மனுசனுக்கு முதுகு ஏலாது. என்ர வேலையும் போச்செண்டா நாங்கள் என்ன செய்யிறது?"

நீங்கள் யன்னலடிக்குப் போனீர்கள். "இவங்களிட்ட எல்லாத்துக்கும் திட்டம் இருக்கு. லின்ர பிள்ளைக்கு மட்டும் இல்லைப் போல" என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "சரி, உனக்காக" என்றீர்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டு கிழமை லின் கையேட்டில் உள்ளபடி அமத்தினாள். அவளுடைய வால்வுகள் கசிந்தன. இடைவேளையிலும் வெறும் உடம்பை எடுத்து வைத்து அமத்திப் பார்த்தாள். நீங்கள் அவளுக்குப் பின்னால் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், காவலுக்கு நிற்கிற மாதிரி.

கடைசி நாள் அதிகாரி வந்தார். பின்னால் தொழிற்சாலை முதலாளி, அவருக்குப் பின்னால் படம் எடுக்கிறவர்கள். லைன் ஓடியது. லின்னின் கையில் ஒரு வளையம் கோணலாக இருந்ததை நீங்கள் கண்டீர்கள். கண்ட உடனே உங்கள் கை தானாகப் போய்ச் சிவப்புப் பொத்தானை அமத்திவிட்டது. ஓகூஸில் அது ஒரு பெரிய விசயமே இல்லை. பிழையைக் கண்ட எவரும் லைனை நிறுத்துவார்கள், போர்மன் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போவான். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை செய்கிற வேலை. அங்கே அந்தப் பொத்தானின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்ரிக் தாளைக்கூட ஒருவரும் உரித்திருக்கவில்லை.

முழு லைனும் நின்றது. முதலாளியின் முகம் வெளிறியது. லின் எழுந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "இனி அவளுக்குச் சான்றிதழ் கிடைக்காது" என்று மொழிபெயர்ப்பாளப் பிள்ளை உங்கள் காதுக்குள் சொன்னாள். நீங்கள் செய்தது என்னவென்று அப்போதுதான் உங்களுக்கு உறைத்தது. நேராக என்னைப் பார்த்தீர்கள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். ஆமாம் அக்கா, அந்த நேரத்திலும் தலையாட்டினேன்.

நீங்கள் அதிகாரியிடம் உங்கள் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னீர்கள்: பிழை இவளுடையது அல்ல, நான் ஒன்றைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பிறகு லின்னை இருத்தி, அவளுடைய கைக்கு மேல் உங்கள் கையை வைத்தீர்கள். அமத்தி, பின்னுக்கு ஓர் அரைச் சுற்று. ஒரு மூச்சு. கையை எடு. லைன் மறுபடி ஓடியது, அதன் பிறகு அவளுடைய ஒரு வால்வும் கசியவில்லை. உங்கள் நாட்டில் வேலைக்காரர் இதை நிறுத்தலாமா என்று அதிகாரி கேட்டார். "அதுதான் எங்கட வேலை" என்று நீங்கள் சொல்ல, அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

ஒரு வருடம் போகவில்லை, எங்கள் லைனை மூடினார்கள். கடைசி நாள் கோப்பியும் கேக்கும் வைத்தார்கள். அத்தனை பேருக்கும் முன்னால், அவர்களுக்கு விளங்காத தமிழில், "நீங்கள்தான் எங்கட சோத்தில மண்ணை அள்ளிப் போட்டது" என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் கேக் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். அடுக்கி முடித்துவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனீர்கள்.

இரண்டு குளிர்காலம் நான் உங்களோடு கதைக்கவில்லை. கடையில் கண்டால் அடுத்த வரிசைக்குள் போய்விடுவேன். இரண்டாவது குளிர்காலம் முடிகிற நேரத்தில் ஒரு நாள் என் வீட்டு மணியை அடித்தீர்கள். கையில் பராமரிப்புப் படிப்புக்கான விண்ணப்பத் தாள். "உன்ர பேரையும் எழுதிப்போட்டன். திங்கக்கிழமை ஏழு மணி பஸ். வெளிக்கிட்டு நில்." எனக்கும் கோபித்துக் கோபித்துக் களைத்துவிட்டது, வெளிக்கிட்டு நின்றேன். நாற்பது தாண்டிய இரண்டு பேர் பேருந்தில் டேனிஷ் உடற்கூற்றுச் சொற்களைப் பாடமாக்கிக்கொண்டு போனோம். நீங்கள் என்னைவிடக் கூடப் புள்ளி எடுத்தீர்கள். அதைச் சொல்லிக் காட்டாமல் ஒரு நாள்கூட இருந்ததில்லை.

இந்த வசந்தத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு மத்தியானம், திடீரென்று, "அந்த விசயம் எனக்குப் பாரமாக் கிடக்கு, பிள்ளை" என்றீர்கள். கடைசியில் என்னிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். நான் எவ்வளவு மடைச்சி. "அந்த ரெண்டு கிழமை. அவள் அமத்தி அமத்திப் பாத்துக்கொண்டிருக்க, நான் கையைக் கட்டிக்கொண்டு நிண்டன்" என்றீர்கள். மறைக்கச் சொன்னது நான். பாரம் சுமந்தது நீங்கள். அப்போது நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லாமல், "கதைக்காதேங்கோ, களைச்சுப்போவியள்" என்று போர்வையை இழுத்துவிட்டேன். அந்தக் கிழமையே நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் மகள் உங்கள் கைபேசியை இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள். போன மாதம் அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். லின்னிடமிருந்து செய்தி. இத்தனை வருடமும் நீங்கள் இருவரும் மொழிபெயர்ப்புச் செயலியின் கொச்சைத் தமிழில் கதைத்து வந்திருக்கிறீர்கள், எனக்கு மூச்சும் விடவில்லை. லின்னின் மகள் அந்த நகரத்திலேயே படித்து இப்போது கல்லூரிக்குப் போகிறாளாம். அதற்குக் கீழே இப்படி இருந்தது: "அமெரிக்க வரியால் எங்கள் லைன் வியட்நாம் போகிறது. பழக்க என்னை அனுப்புகிறார்கள். என்னோடு வேலை செய்கிற பெண்கள் அரைச் சுற்றைக் காட்டாதே என்று அழுகிறார்கள். ஆசிரியை, நீங்கள் சொல்லுங்கள்."

"நீங்கள் எழுதுங்கோ, அன்ரி. அம்மா என்ன சொல்லுவா எண்டு உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள் உங்கள் மகள். தெரியும். ஆனால் அழுகிற அந்தப் பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்பது எனக்கு அதைவிட நன்றாகத் தெரியும். கைபேசியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்தேன்.

இன்று அந்த வீட்டிலிருந்து இறங்கி, பேருந்துத் தரிப்பில் இருந்து லின்னுக்கு எழுதினேன். விரலில் பித்தளை மணம் இருந்தது. நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று எழுதினேன். அந்த இரண்டு கிழமையும் மறைக்கச் சொன்னது நான், அவர் அல்ல என்று எழுதினேன். அந்தப் பெண்கள் உன்னோடு கோபிப்பார்கள், கோபம் நியாயம்தான், இரண்டு குளிர்காலம் பொறுத்துப் போய் அவர்கள் வீட்டு மணியை அடி என்று எழுதினேன். வியட்நாமில் உன் பக்கத்தில் வந்து இருக்கப்போகிறவளிடம் பிள்ளை எங்கே என்று கேள். பிறகு காட்டு. கடைசி நாள் வரை வைத்திருக்காதே, முதல் நாளே காட்டிவிடு.

கீழே உங்கள் பெயரைப் போட்டேன், அக்கா. பிறகு அதை அழித்துவிட்டு என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.