குப்பையில் போட்ட இரண்டு பிளக்குகள்

மச்சான்,

எத்தனை தரம் துடைத்தும் கையில் எண்ணெய் எரிந்த மணம் போகுதில்லை. மலையடிவாரத்துக் கார் தரிப்பிடத்தில், பட்டறை வான் வண்டியின் முன் சீற்றில் இருந்து இதை எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் நீயும் நானும் எஞ்சின் பூட்டிய அதே பனிவண்டியின் மணம்தான் இது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மேலே போய் அதை முழு வேகத்தில் ஓட்டப்போகிறேன். அதற்கு முன் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

வண்டிக்காரர் பீற்றர்தான். மலை உச்சி விடுதிக்கு ஆட்களையும் சாமானையும் ஏற்றி இறக்குகிற அந்த மனிதர் மூன்று கிழமைக்கு முன் வண்டியை இழுவை ரெயிலரில் போட்டுக்கொண்டு மல்கிரேவுக்கு, எங்கள் பட்டறைக்கு வந்தார். வண்டி இழுக்குதில்லையாம். முந்தி நீ செய்து கொடுத்த பலம் திரும்ப வேண்டுமாம். "ஆனால் இந்த முறை உடையக்கூடாது" என்று கடைசியில் ஒரு சொல் சொன்னார். சும்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றைக்கு உடைந்தது உன்னால் இல்லை என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த எஞ்சினுக்காக நீ பட்ட பாடு எனக்கு மறக்குமா? சிலிண்டர் மூடியை மயிரிழை அளவு சீவி அமுக்கத்தைக் கூட்டினாய். பொறி விழும் நேரத்தை இரண்டு பாகை முன்னுக்குத் தள்ளினாய். புகைக்குழாயை மாற்றினாய். நான் பயந்துகொண்டு நின்றேன். "பலம் கூடினா சூடும் கூடும். அந்தச் சூட்டைக் கெதியா வெளியில விடுற பிளக்கைப் போட்டா ஒண்டும் ஆகாது" என்றாய். எஞ்சினுக்குள் பொறி போடுகிற பிளக்கில், அப்படிச் சூட்டை விடுகிறதைத்தான் நாங்கள் குளிர் பிளக் என்போம். அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்ததைப் போட்டால், மெதுவாக ஊரும்போது எண்ணெய் படிந்து பொறியே விழாது. சூடானதைப் போட்டால் பிஸ்ரன் உருகும். இந்த இரண்டுக்கும் நடுவில் சரியானதைத் தேடி மூன்று நாள் மலையில் நின்றாய்.

முழு வேகத்தில் ஏற்றத்தில் ஓட்டி, அந்த வேகத்திலேயே எஞ்சினை நிறுத்தி, பனிக்குள் முழங்காலில் நின்று பிளக்கைக் கழற்றுவாய். "மெல்ல ஓடவிட்டு நிப்பாட்டினா பிளக் பொய் சொல்லும்" என்பாய். முனையில் இருக்கிற பீங்கான் வெளுத்திருந்தால் எரிகிறது, கறுத்து நனைந்திருந்தால் மூச்சு முட்டுகிறது. பால்தேத்தண்ணி நிறத்தில் வந்த அன்று, உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினாய். "உன்ர மனுசி போடுற தேத்தண்ணிகூட இந்த நிறத்துக்கு வராது" என்று என்னைச் சீண்டினாய்.

பிறகு பனிச் சீசன் தொடங்குகிற கிழமை நீ காய்ச்சலில் படுத்துவிட்டாய். புதுச் சோடி பிளக் வாங்க என்னை அனுப்பினாய். நாங்கள் வழக்கமாகப் போடும் கம்பனியின் பிளக் கடையில் முடிந்துபோயிருந்தது. வேறு கம்பனியுடையது இருந்தது. மன்னாரில் வள்ளத்து எஞ்சினுக்குப் போட்ட நாள் தொட்டு ஒரே கம்பனிப் பிளக்கைப் போட்டே பழகியவர்கள் நாங்கள். அதில் இலக்கம் கூடினால் குளிர். அந்த நினைப்பில், கடைக்காரனை ஒரு வார்த்தை கேளாமல், கூடின இலக்கத்தை எடுத்துக்கொண்டு வந்து பூட்டி அனுப்பினேன். அந்தக் கம்பனிக்கு எல்லாம் மறுவளம். இலக்கம் கூடினால் சூடு.

இரண்டாம் நாள், இரண்டு விருந்தினரை ஏற்றிக்கொண்டு பெரிய ஏற்றத்தில் போகும்போது பிஸ்ரனில் ஓட்டை விழுந்தது. பீற்றரும் அவர்களும் பனிக்குள் நடந்து இறங்கினார்கள். ஆருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது ஆண்டவர் புண்ணியம்.

வண்டி பட்டறைக்கு வந்தபோது நீ வெளியில் நின்று பீற்றரோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாய். நான் பிளக்குகளைக் கழற்றினேன். முனை உருகியிருந்தது. அந்தக் கம்பனியின் அட்டவணையைப் போனில் தேடிப் பார்த்தேன். நான் பூட்டியது சூடான பிளக். இரண்டையும் பழந்துணியில் சுற்றிக் குப்பையில் போட்டேன்.

நீ உள்ளே வந்து முதல் கேட்டதே, "பிளக் எங்க?"

"எறிஞ்சு போட்டன்."

பார்க்காமல் ஒரு பிளக்கை எறிய விடுகிற ஆளா நீ? கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாய். பிறகு, "நான்தான் பொறி நேரத்தைக் கூடுதலாத் தள்ளிட்டன் போல" என்றாய். நீ உண்மையைப் பிடித்துவிட்டாயோ இல்லையோ எனக்கு இன்றுவரை தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை.

எஞ்சினைப் பழைய அளவுக்குக் குறைத்துப் பூட்டிக் கொடுத்தாய். அதற்குப் பிறகு நீ ஒரு எஞ்சினுக்கும் பலம் கூட்டவில்லை. ஆர் வந்து கேட்டாலும், "கம்பனி வைச்சபடியே கிடக்கட்டும்" என்று அனுப்பிவிடுவாய். ஒவ்வொரு தேத்தண்ணி நேரமும் சொல்லுவம் என்று வாயெடுப்பேன். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிடுவேன். கோழை மச்சான் நான். நீ திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்து ஏழு மாதமாகிறது.

இந்த மூன்று கிழமையும் உன் அளவுகளையே வைத்தேன். மூடியைச் சீவினேன், அதே இரண்டு பாகை தள்ளினேன். இரண்டு கம்பனியின் அட்டவணையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் பிளக் வாங்கினேன். அன்றைக்கு நடந்தது என் பிழை என்று, ஓட்டுவதற்கு முன்னமே பீற்றரிடம் சொல்லிவிடப் போகிறேன். எஞ்சின் உடையாமல் நின்று பிடித்த பிறகு சொன்னால் அது ஒரு சொல்லா?

மேலே போய் இப்போதுதான் இறங்கி வந்தேன்.

சொன்னேன் மச்சான். பிளக் மாறியதையும் குப்பையில் போட்டதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். "அவர் அண்டைக்கு என்னட்ட மன்னிப்புக் கேட்டவர்" என்று மட்டும் பீற்றர் சொன்னார். அதற்கு மேல் என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு சாவியைத் தந்தார்.

அந்தப் பெரிய ஏற்றத்தில் முழுதாக முறுக்கினேன். பாதியில் கை தளரப் பார்த்தது. விடவில்லை. உச்சியில் அப்படியே நிறுத்தி, முழங்காலில் நின்று பிளக்குகளைக் கழற்றினேன். இரண்டும் அதே பால்தேத்தண்ணி நிறம். உன் கணக்கில் ஒரு பாகைகூடப் பிழை இருக்கவில்லை.

நேரே உன் வீட்டுக்குத்தான் போகிறேன். உன் மனுசி இன்றும் பிள்ளைகளிடம், "அப்பா ஒரு எஞ்சினை உடைச்சுப்போட்டு அந்தக் கவலையோடயே போயிட்டார்" என்று சொல்கிறா. அந்தக் கதையை நான் அவர்கள் எல்லோருக்கும் முன்னால் இன்று பின்னேரம் நிற்பாட்டுவேன். பிறகு அவர்கள் என் முகத்தில் முழிக்காவிட்டாலும் சரி. தங்கள் தகப்பன் எந்த எஞ்சினையும் உடைக்கவில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.