துண்டில் சுற்றிய வைஃபை பெட்டி

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தை நேற்று போனில் பாதிதான் கேட்டேன், மீதியைக் கேட்பதற்குள் லைன் போய்விட்டது. அதனால்தான் நாளை அங்கே கிளம்பும் உன் ஆபீஸ் தோழியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஹோட்டல் அறையில் லேப்டாப்புக்கு நெட்டே வரவில்லை, திங்கட்கிழமை பெரிய அதிகாரிகளுக்கு நெட் வழியாக வேலையைக் காட்டும்போது அறுந்துபோனால் வேலை நிரந்தரமாவது அவ்வளவுதான் என்று அழாத குறையாகச் சொன்னாயே, அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் அப்பா மட்டும் அவளுக்கு அதெல்லாம் வரும், நீ சும்மா இரு என்று அசையாமல் உட்கார்ந்திருந்தார். இங்கேயும் நீ போன நாளிலிருந்து நெட் கிடையாது. அப்பாவைக் கேட்டால் லைன் கோளாறு என்றார். இன்று நானே நெட்காரரை வரச் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒயர் இருக்கு, பெட்டி எங்கம்மா என்றார். உன் அப்பா உடனே ஜன்னல் வழியே தெருவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார், திருட்டு முழியோடு. போற இடத்துல புள்ளைக்கு நெட் கிடைக்குமோ என்னவோ என்று, நீ கிளம்பிய அன்று வைஃபை பெட்டியைக் கழற்றி, தன் துண்டில் சுற்றி, உன் சூட்கேஸின் அடியில் வைத்துவிட்டாராம்! நீ என்றைக்குச் சூட்கேஸை அடிவரை காலி செய்திருக்கிறாய், கண்ணில் படுவதற்கு? சார், நெட்டு ஒயர்லதான் வருது, பெட்டிக்குள்ள அடைச்சு வெக்கல என்று நெட்காரர் சிரித்த சிரிப்பு மாடி வீட்டுக்கே கேட்டிருக்கும்.

அவரிடமே உனக்கும் வழி கேட்டேன். அந்த நாட்டு சிம் ஒன்று வாங்கிப் போனில் போட்டு, அதிலிருந்து லேப்டாப்புக்கு நெட் எடுத்துக்கொள்ளச் சொன்னார். முந்தின நாளே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடு. காட்ட வேண்டியதையெல்லாம் லேப்டாப்பிலேயே இறக்கி வைத்துக்கொள். ஹோட்டல் வரவேற்பறை இலவச நெட்டில் பேங்க் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. அப்பாவை ஒன்றும் சொல்லாதே, நான் போதுமான அளவு திட்டியாயிற்று. மனுஷர் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருக்கிறார், எனக்கே பாவமாக இருக்கிறது.

நீ நினைத்தபடி எல்லாம் நல்லபடியாக நடக்கும், தைரியமாகப் பேசு. ஒன்று மட்டும் மறக்காதே, அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதே. அங்கே அதில் நெட் வராதாம், ஆனால் கரண்டில் சொருகினால், என்னைக் கிண்டல் செய்து நம் வைஃபைக்கு நீ வைத்த பெயர் மட்டும் லேப்டாப்பில் வருமாம். திங்கட்கிழமை வேலை முடிந்ததும் ஒருமுறை சொருகிப் பார். 'சாப்டியா' என்று வரும். பதிலைப் போனில் சொல்.

என்றும் உன் நல்லதையே நினைக்கும்
அம்மா
(தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டு, அப்பாவும்)