இல்லாததைத் தாண்டிப் போகும் குறி

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? கண்ணுக்குச் சொட்டு மருந்து மறக்காமல் விட்டுக்கொள்கிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

எங்கள் கம்பெனி விற்கும் கணினி மொழியில் புதிதாக ஒரு குறி சேர்ப்பது பற்றி நேற்று ஆபீசில் பெரிய சண்டை. தேடிய விவரம் இல்லையென்றால் இப்போது புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். புதுக் குறியைப் போட்டால் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

"வாங்கறவங்க ரெண்டு வருஷமா கேக்கறாங்கம்மா" என்றார் மேனேஜர்.

"இல்லைன்னா நின்னு சொல்லணும் சார். ஒண்ணுமே நடக்காத மாதிரி போகக் கூடாது" என்று கத்திவிட்டேன். ஒரு குறிக்கா இத்தனை கோபம் என்று பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. ஒன்பது பேர் வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்றது நான் ஒருத்திதான்.

முன்பெல்லாம் போனில் பேசி முடித்ததும், "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பீர்கள். அம்மா போனதிலிருந்து இந்த ஐந்து மாதமாக, அந்த இடம் வந்ததும் நாம் மழையைப் பற்றிப் பேசுகிறோம்.

அம்மாவின் மூக்குக்கண்ணாடியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பற்றிப் பேசுவோம், அப்பா. பேச்சு நின்றுபோனால் போகட்டும். நான் லைனிலேயே இருப்பேன்.

உங்கள் மகள்