ஒன்பதாவது மாடியிலிருந்து இறங்கிய பெட்டிகள்

மார்ச் 4

இன்று விசேஷம் ஒன்றுமில்லை. முழங்கால் வலி. ஆபீஸில் ஏசி பழுது, பெரிய அதிகாரிகள் எல்லாம் டையைத் தளர்த்திக்கொண்டு நம்மைப் போலவே வியர்த்தார்கள்.

சொல் என்னுடையது, கையெழுத்து மகளுடையது. நான் பள்ளிக்கூட வாசலை மிதித்தவனில்லை. டெலிபோன் கம்பெனி வருஷா வருஷம் கொடுக்கிற டைரி சும்மா கிடக்கிறதே என்று அவள்தான் ஆரம்பித்தாள். சொல்வதைத் திருத்தக் கூடாது, நடுவில் என்னைத் திட்டி எழுதக் கூடாது என்று பேச்சு.

“மெதுவா சொல்லுப்பா, நான் என்ன மெஷினா?”

மாப்பிள்ளை பஸ் ஓட்டிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். “மாமா, என்னைப் பத்தி நல்லதா ரெண்டு வரி போடுங்க.” யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

மார்ச் 9

கோர்ட் வாசலில் பெருங்கூட்டம். தேர்தலை மறுபடி தள்ளிப் போட்டுவிட்டார்களாம். மகள் வேலை செய்கிற மருந்துக்கடை அந்தத் தெருவில்தான். இருட்டின பிறகு வந்தாள், ஒரு காலில் செருப்பில்லை.

“வழியில மாட்டிக்கிட்டியா, போய் நின்னியா?”

“நின்னேன்.”

அதற்கு மேல் கேட்கவில்லை.

மார்ச் 12

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ரிட்டயர் ஆன பிறகும் என்னை ஒன்பதாவது மாடியில் வைத்திருக்கிறார்கள். டீ ஊற்ற, ரகசியக் காகிதத்தைக் கிழிக்கிற மெஷினில் போட, சீல் வைத்த கவரைத் தூக்க. “படிச்சவன் கையில கொடுத்தா ஒரு கண்ணு போடுவான், பெரியவருக்கு எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரிதான்” என்று கம்பெனி வக்கீல் என் எதிரிலேயே சொல்லுவார். எழுத்து தெரியாது, சரி. எண்? இருபத்தாறு வருஷம் கேபிள் குழியில் கிடந்தவன். எந்தக் கம்பி எந்த வீட்டு நம்பர் என்று தலைக்குள்தான் வைத்திருந்தேன். லிஃப்டில் வக்கீலுக்கு ஒன்பதை அமுக்கி விடுவதே நான்தான். அதை யாரும் யோசித்ததில்லை. நானும் வாயைத் திறந்ததில்லை.

இன்று மந்திரி ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். ஒன்பதாம் தேதி கோர்ட் வாசலில் யார் யார் போன் இருந்தது, பட்டியல் வேண்டும். டவர் மூலம் கம்பெனிக்கு அது தெரியுமாம். அவர் போனதும் கம்பெனித் தலைவர் அம்மா சொன்னார்கள்:

“கொடுக்க முடியாது. நம்மள நம்பித்தானே ஜனங்க போனைச் சட்டைப் பையில வெச்சிருக்காங்க?”

“லைசன்ஸைப் பிடுங்கிட்டா அந்த நம்பிக்கையை எங்க கொண்டு போய் வைப்பீங்கம்மா?” என்றார் வக்கீல். “பதினோராயிரம் பேர் வேலை. நம்ம நாற்காலியில மந்திரியோட மச்சான் வந்து உக்காருவான். அவன் கேக்காததையும் சேத்துக் கொடுப்பான். நாம இருந்தா கேட்டதோட நிறுத்தலாம்.”

“அப்படின்னா நாம இருந்து என்ன பிரயோஜனம்?”

நான் டீ ஊற்றினேன். ரெண்டு பேர் சொல்வதும் சரி என்றே பட்டது. அதுதான் எரிச்சல்.

இதை எழுதும்போது மகள் கை நின்றது. என்னம்மா என்றேன். ஒன்றுமில்லை, பேனா மக்கர் பண்ணுது என்றாள்.

மார்ச் 20

தினம் ஒரு இன்ஸ்பெக்டர். திங்கள் தீயணைப்பு, செவ்வாய் லிஃப்ட், இன்று கக்கூஸைக்கூட அளந்து பார்த்தார்கள். நாலு டவருக்குக் கரண்ட் இல்லை. தலைவர் அம்மாவை ஏர்போர்ட்டிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஆனாலும் அம்மா முடியாது என்றே நிற்கிறார்கள். டீக் கோப்பையை எடுக்கும்போது கை மட்டும் ஆடுகிறது.

எனக்கு 2471 ஞாபகம் வருகிறது. பட்டாளத்து ஆட்சிக் காலம். அச்சாபீஸ்காரர் வீட்டு நம்பர் அது. அந்த லைனிலிருந்து பட்டாளத்து ஆபீஸுக்கு இன்னொரு கம்பி கொடு என்றார் அன்றைய மேலதிகாரி. எதற்கு என்று கேட்கவில்லை. ஏணியைப் போட்டேன், ஏறினேன், முறுக்கிக் கொடுத்தேன். கீழே நின்று அச்சாபீஸ்காரர் வீட்டுக் குழந்தை வேடிக்கை பார்த்தது. பத்து நாளில் அந்த வீட்டைப் பூட்டிவிட்டார்கள். அப்போது கம்பெனி செய்தது என்று சொல்லிக்கொண்டேன். கம்பெனிக்கு ஏது கை? ஏறினது நான்.

மார்ச் 27

கோர்ட் உத்தரவு வந்தால் கொடுக்கிறேன் என்று காலையில் தலைவர் அம்மா சொன்னார்கள். சாயங்காலம் உத்தரவு வந்துவிட்டது. எனக்குத் தெரிந்து அந்தக் கோர்ட் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததே இல்லை.

மார்ச் 28

எழுதும்மா. அழாம எழுது. முதல்ல இதைச் சொல்லிடறேன் — உன் நம்பர் இருக்கு.

கம்ப்யூட்டரில் அனுப்பியது போதாதென்று காகிதத்திலும் கேட்டார்கள். நாலு பெட்டி. ஒவ்வொரு பக்கத்திலும் வக்கீல் கையெழுத்து. அடுக்கி, கயிறு கட்டி, காரில் ஏற்ற வேண்டியது நான். அறையில் என்னைத் தனியாக விட்டார்கள். எறும்பு ஊர்ந்த மாதிரிதானே எனக்கு! எண்கள் வரிசைப்படி இருந்தன. மூணாவது பெட்டி. ஒரு பக்கத்துக்கு முப்பது நம்பர், மேலேயிருந்து பன்னிரண்டாவது.

கிழிக்கிற மெஷின் ரெண்டடி தூரம். பக்கத்தை அதன் வாய் வரைக்கும் கொண்டு போனேன். போட்டால் என்ன ஆகும்? பக்கம் எண்ணியிருக்கிறது. ஒன்று குறைந்தால் எந்த ஒன்று என்று தேடுவார்கள். கம்ப்யூட்டரில் இருக்கிறது. எல்லாருக்கும் முன்னால் இந்த முப்பது பேரைத்தான் பிடிப்பார்கள். இதெல்லாம் நான் அப்போது யோசித்தேனா, இப்போது சொல்லிக்கொள்கிறேனா? தெரியலம்மா. சத்தியமா தெரியல.

“என்ன பெரியவரே, கயிறு தீந்துபோச்சா?” வக்கீல் வாசலிலிருந்து கேட்டார்.

“இல்லைங்க, முடிஞ்சிருச்சு.”

பக்கத்தை அதன் இடத்தில் வைத்தேன். கட்டினேன். தூக்கினேன். லிஃப்டில் பூஜ்யத்தை அமுக்கினேன். பெத்த பொண்ணைத் தோளில் வைத்துக் காரில் ஏற்றி விட்டு வந்திருக்கிறேன். தலைவர் அம்மா பதினாறு நாள் தாங்கினார்கள். நான் அரை நிமிஷம்.

மகள் எழுதி முடித்துவிட்டுக் கேட்டாள்: “அந்தப் பக்கத்துல இருந்த மத்தவங்க நம்பர் ஞாபகம் இருக்காப்பா?”

இருந்தது. முதல் நாலு எண் பக்கம் முழுக்க ஒன்றேதான். மிச்சம் ஆறு ஆறாகச் சொன்னேன். இருபத்தொன்பதும்.

மார்ச் 29

தன் போனை விட்டுவிட்டு மருந்துக்கடை போனிலிருந்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டிருக்கிறாள். பதினெட்டுப் பேர் எடுத்தார்கள். ஒரு கிழவி, “நான் பல்லு காட்டத்தானே அந்தத் தெருவுக்கு வந்தேன்!” என்று அழுதாளாம். அஞ்சு பேர் இவளையே போலீஸ் ஆள் என்று திட்டிவிட்டுப் போனை வைத்துவிட்டார்கள். ஒருத்தர் மட்டும் தேங்க்ஸ் சொன்னார்.

“நீ எங்கயாவது போயிடும்மா.”

“எங்க போறது? போனா உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போய் ஸ்டேஷன்ல உக்கார வைப்பாங்க.”

ஏப்ரல் 2

மகளைப் பத்து மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போனோடு வர வேண்டுமாம். மதியம் வந்து மிச்சத்தை எழுதுகிறேன் என்கிறாள்.

ஜூன் 18

சொல் என்னுடையதுதான், எழுதுவது மாப்பிள்ளை. இத்தனை நாள் யாரும் எழுதவில்லை. டைரியைத் தொட ரெண்டு பேருக்கும் தெம்பில்லை.

மகள் எங்கே என்று தெரியாது. ஸ்டேஷனில் கேட்டால் அன்றைக்கே அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். மாப்பிள்ளை போனுக்குக் கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. இவர் பெயரில் இருக்கும் அவள் நம்பர் பயன்பாட்டில் இல்லையாம், இப்படியே இருந்தால் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

ஒன்பதாவது மாடியில் இப்போது மீட்டிங் கிடையாது. மாசத்துக்கு ரெண்டு தடவை பெட்டி இறங்குகிறது. தலைவர் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு டீ கேட்கிறார்கள், சர்க்கரை கம்மியாக. இன்ஸ்பெக்டர்கள் வருவதில்லை. கை ஆடுவதும் நின்றுவிட்டது.

“விட்டுத் தொலைங்க மாமா அந்த வேலையை” என்கிறார் இவர். விட்டால் அந்தப் பெட்டியைத் தூக்க எண் தெரியாதவன் எவனாவது வருவான் என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, வக்கீல் பேச்சை நானும் பேசுகிறேன்.

இன்று மூணு பெட்டி. கார் வருவதற்குள் ஒரே ஒரு பக்கம் பார்த்தேன். பஸ்ஸில் வரும்போது முப்பதில் பதினேழு நம்பர் மனசில் நின்றது. வீட்டுப் படி ஏறும்போது பதினாறு.

எழுதுங்க மாப்பிள்ளை. இதுவும் போறதுக்குள்ள.